நடக்காத போரின் கதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்)

உலக அமைதி என்பது நம் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளுக்கு மிகவும் பழகிப்போன தலைப்பு. மேடையேறும் நண்பர் எவராயினும் இரோஷிமாவில் தொடங்குவார். ஐக்கிய நாடுகள் சபையைச் சற்றே ஏசுவார். புத்தரையும் காந்தியடிகளையும் துணைக்கழைப்பார். 'போரற்ற புது உலகம் காண்போம்' என்று முழங்கிவிட்டுக் கைதட்டலோடு இறங்கிவிடுவார். நானும் கைதட்டியிருக்கிறேன். ஆயினும், போரை நிறுத்தச் செல்பவர் யார், எந்த நேரத்தில் செல்கிறார், சென்ற இடத்தில் முதல் வார்த்தையாக எதைச் சொல்கிறார் என்னும் கேள்விகளுக்கு அந்த முழக்கங்களில் விடை கிடைப்பதில்லை. தூதர் என்போர் விருந்துண்டு, கைகுலுக்கி, புகைப்படத்துக்குச் சிரித்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் என்பதே நம்மில் பலருடைய எண்ணம். பீரங்கி பேசும்போது காகிதம் என்ன செய்யும் என்று கேட்கிறோம்.

காகிதம் செய்யும் என்பது என் கட்சி. ஆனால் எல்லாக் காகிதமும் செய்யாது. எல்லா வேளையிலும் செய்யாது. எது செய்யும், எப்போது செய்யும் என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும். அதற்கு, நடந்த போர்களைக் காட்டிலும் நடக்காமற்போன போர் ஒன்று நமக்கு அதிகம் கற்றுத்தரும் என்று கருதுகிறேன். நடந்த போருக்கு வரலாற்றுப் புத்தகத்தில் இடமுண்டு, நினைவுத்தூண் உண்டு, தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவும் உண்டு. நடக்காத போரை யார் எழுதுகிறார்கள்?

தென் அமெரிக்கக் கண்டத்தின் தென்கோடியில், உலகப்படத்தில் நிலம் வால்போல் ஒடுங்கும் இடத்தில், பீகிள் கால்வாய் என்றொரு குறுகிய கடல்வழி உண்டு. விலங்கியல் நண்பர்களுக்குப் பெயர் புதிதன்று. டார்வினைச் சுமந்துகொண்டு உலகைச் சுற்றிய கப்பலின் பெயரே அது. அக்கால்வாயின் கிழக்கு வாயிலில் பிக்டன், லென்னாக்ஸ், நுவேவா என மூன்று தீவுகள். குளிர்காற்றும் புதரும் புல்லுமாகக் கிடப்பவை. மனித நடமாட்டம் மிக அரிது. இந்த மூன்று தீவுகளுக்காக 1978-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அர்ஜென்டினாவும் சிலியும் தங்கள் கப்பற்படைகளைத் தென்கடலுக்கு அனுப்பிவிட்டு, ஆணைக்காகக் காத்து நின்றன.

வழக்கின் வேர் 1881-ஆம் ஆண்டின் எல்லை உடன்படிக்கையில் இருக்கிறது. பீகிள் கால்வாய்க்குத் தெற்கே உள்ள தீவுகள் சிலியைச் சேரும் என்று அதில் எழுதினார்கள். ஆனால் கால்வாய் கிழக்கே எந்த வழியாகச் சென்று கடலில் கலக்கிறது என்பதைத் திட்டமாக எழுதாமல் விட்டுவிட்டார்கள். நேரே கிழக்காக ஓடுகிறது என்றால் மூன்று தீவுகளும் அதற்குத் தெற்கே விழும், சிலிக்குச் சொந்தம். இடையில் தெற்கே திரும்புகிறது என்றால் தீவுகள் கிழக்கே விழும். அர்ஜென்டினா உரிமை கோரலாம். பாகப்பத்திரத்தில் 'ஓடைக்குத் தெற்கு தம்பிக்கு' என்று எழுதிவிட்டு, ஓடை பிரியும் இடத்தில் எந்தக் கிளை ஓடை என்று எழுதாமல் விட்டால் பங்காளிகள் என்ன செய்வார்களோ, அதையே இவ்விரு நாடுகளும் ஒரு நூற்றாண்டுக் காலம் செய்துகொண்டிருந்தன.

தீவு சிறிதுதானே என்று எண்ண வேண்டா. தீவு எவருடையதோ அதைச் சுற்றியுள்ள கடலும் அவருடையது. 200 கடல்மைல் வரை மீனும் கடலடி வளமும் கரை நாட்டுக்கே என்னும் கொள்கை உலகில் வலுப்பெற்று வந்த காலம் அது. அதற்கும் தெற்கே, இரு நாடுகளும் உரிமை கொண்டாடும் அண்டார்க்டிகாப் பெருநிலம் இருந்தது. அட்லாண்டிக்கில் அர்ஜென்டினா, பசிபிக்கில் சிலி என்பது அர்ஜென்டினாவில் ஊறிப்போன கொள்கை; சிலி கிழக்கே தலைநீட்டுவதை அதனால் பொறுக்க இயலவில்லை.

முதலில் அவர்கள் நீதி மன்றத்தைத்தான் நாடினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1971-இல் வழக்கை நடுவர் தீர்ப்புக்கு விட இருவரும் இசைந்தனர். பெயரளவில் நடுவர் பிரிட்டிஷ் அரசி. உண்மையில் தீர்ப்பு எழுதியவர்கள் உலக நீதிமன்றத்தைச் சேர்ந்த ஐந்து நீதிபதிகள். 1977-ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பு வெளியாயிற்று: மூன்று தீவுகளும் சிலிக்கு. 1978 ஜனவரியில் அர்ஜென்டினா, 'இத்தீர்ப்பு செல்லாது' என்று அறிவித்துவிட்டது. தோற்றவன் ஏற்காத தீர்ப்பை நிறைவேற்ற அமீனாவை அனுப்ப முடியாது. நாடுகளுக்கு மேல் அமீனா இல்லை. நம் ஊர்களில் வரப்புத் தகராறு கோர்ட்டில் தீர்ந்த பிறகுதான் வெட்டுக்குத்து தொடங்குவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒருவர் முழுதும் வென்று மற்றவர் முழுதும் தோற்கும் தீர்ப்புக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

அப்போது இரு நாடுகளையும் ஆண்டவர்கள் யார்? சிலியில் 1973-இல் ஆட்சியைக் கவிழ்த்து அமர்ந்த பினோசே. அர்ஜென்டினாவில் 1976-இல் அவ்வாறே அமர்ந்த விடேலாவும் அவர் சகபாடித் தளபதிகளும். மக்களிடம் வாக்குக் கேட்டு வராதவர்கள். தளபதிகளின் ஆட்சியில் விட்டுக்கொடுப்பவன் கோழை என்று பெயரெடுப்பான். அடுத்த தளபதி அவன் நாற்காலியில் அமர்வான். ஆகவே 1978 முழுதும் பேச்சுவார்த்தையும் நடந்தது, போர் ஆயத்தமும் நடந்தது. அர்ஜென்டின நகரங்களில் விளக்கணைப்பு ஒத்திகைகள். சிலியின் எல்லைகளில் கண்ணிவெடிப் புதைப்பு. கட்டாய இராணுவ சேவைக்கு இழுக்கப்பட்ட இளைஞர்கள் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் பதுங்குகுழி தோண்டினார்கள். அவர்களுக்கு வயது பதினெட்டிலிருந்து இருபது. இந்த மலரைப் படிக்கும் நம் வயது. பிக்டன் தீவை அவர்களில் ஒருவனாவது கண்ணால் கண்டிருப்பானா?

டிசம்பர் 12 அன்று இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் கூடினார்கள். போப்பாண்டவரைச் சமரசம் செய்ய அழைப்பது என்று பேசி முடித்தார்கள். ஆனால் அர்ஜென்டினாவின் தளபதிகள் குழு இணங்கவில்லை, கையெழுத்து நின்றுபோயிற்று. அமைச்சர் இசைந்த ஒன்றைத் தளபதிகள் தடுத்துவிட்ட அந்த மாலையில்தான் போர் ஏறக்குறைய உறுதியாயிற்று எனலாம். தாக்குதலுக்கு டிசம்பர் 22-ஐ ஒட்டி நாள் குறித்திருந்தார்கள். தென்கடலில் எழுந்த கடும்புயல் கப்பல்களைச் சற்றுத் தாமதப்படுத்தியது. அந்த இடைவெளியில் வாட்டிகனிலிருந்து செய்தி வந்தது: என் பிரதிநிதியை உடனே அனுப்புகிறேன், இருவரும் ஏற்பீர்களா? அனுப்பியவர் அக்டோபரில்தான் பதவியேற்ற இரண்டாம் ஜான் பால். இருவரும் ஏற்றனர். தாக்குதல் நிறுத்தப்பட்டது.

டிசம்பர் 26-இல் புவனோஸ் அயர்ஸ் நகரில் வந்திறங்கியவர் கர்தினால் அந்தோனியோ சமோரே, வயது 73. படையில்லை, பணமில்லை, பொருளாதாரத் தடை என்ற மிரட்டலும் இல்லை. இரு தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் பறந்தார். பதினான்காம் நாள், 1979 ஜனவரி 8 அன்று, உருகுவே நாட்டின் மாண்டிவிடியோ நகரில் இருதரப்பும் ஒரு சிறு ஆவணத்தில் கையெழுத்திட்டன.

என் கட்சிக்கு வலு சேர்ப்பது அந்த ஆவணம்தான். தீவுகள் யாருக்கு என்று அதில் முடிவு எதுவும் இல்லை. அதிலுள்ளவை மூன்றே செய்திகள்: போப்பாண்டவரின் சமரசத்தை வேண்டுகிறோம், படைபலத்தைப் பயன்படுத்த மாட்டோம், 1977 தொடக்கத்தில் படைகள் இருந்த நிலைக்குத் திரும்புவோம். வழக்கின் நடுவே கைவைக்கவே இல்லை சமோரே. வழக்கைச் சுற்றி அடுக்கியிருந்த வெடிமருந்தை முதலில் அப்புறப்படுத்தினார். 'யாருக்கு நியாயம்' என்ற கேள்வியை ஒத்திப்போட்டு, 'இன்றிரவு சுடாமலிருக்க என்ன வேண்டும்' என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். இது தந்திரம் என்று சிலர் சொல்லலாம். நான் இதைத் தொழில் நுட்பம் என்பேன். தச்சருக்கு உளி எப்படியோ, தூதருக்கு இந்த வரிசைமுறை அப்படி.

பின்பு ஆறு ஆண்டுகள்! இரு தரப்பின் குழுக்களும் ரோமாபுரியில் தங்கின. அவர்களைத் தனித்தனியே அழைத்துக் கேட்டார். சேர்த்து வைத்துக் கேட்டார். கப்பல் செல்லும் வழியா, மீன்பிடிப்பா, கடல் எல்லையா என்று சிக்கலைப் பிரித்துப் பிரித்துக் கேட்டார். 1980 டிசம்பரில் போப்பாண்டவரின் ஆலோசனை இருவரிடமும் தரப்பட்டது: தீவுகள் சிலிக்கு, கிழக்கே உள்ள கடலில் இருவரும் பங்குபெறும் ஒரு பகுதி. சிலி ஏற்றது. அர்ஜென்டினா ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை, காலம் கடத்திற்று. 1981 ஏப்ரலில் எல்லையையே மூடியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் வீண் என்றே தோன்றியிருக்கும். பத்திரிகைகளுக்கு எழுத ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும், ஒருவரையொருவர் சுடாத மாதமாகக் கழிந்துகொண்டிருந்தது.

வேதியியல் படிப்பவனாகையால் எனக்கு வினையூக்கியின் நினைவு வருகிறது. வினையூக்கி வினைபடு பொருளை மாற்றிவிடுவதில்லை, விளைபொருளையும் மாற்றுவதில்லை, வினை கடக்க வேண்டிய மேட்டின் உயரத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. சமரசம் செய்பவரும் அப்படித்தான். 1977-இல் நீதிபதிகள் கொடுத்த தீவுகளையே 1980-இல் போப்பாண்டவரும் சிலிக்குக் கொடுத்தார், பொருள் மாறவில்லை. நீதிபதிகள் சொன்னபோது அது தோல்வியாக இருந்தது. கடற்பரப்பில் ஒரு பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இரு நாட்டு மக்களும் வணங்கும் ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக இசைந்தேன் என்று சொல்ல வழியிருந்தபோது, அதே பொருளை விழுங்க முடிந்தது. வினையூக்கி இறுதியில் மாற்றமின்றி மிஞ்சும் என்பது பாடம். இங்கே மட்டும் பாடம் பொய்த்தது. 1983 பிப்ரவரியில் சமோரே காலமானார். உடன்படிக்கையை அவர் பார்க்கவில்லை.

இதற்கிடையே 1982 வந்தது. என் கட்சிக்கு எதிரான வலுவான சான்று இங்கேதான் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. தெற்கே சிலியுடன் போர் தவிர்க்கப்பட்ட அதே அர்ஜென்டினத் தளபதியாட்சி, 1982 ஏப்ரல் 2 அன்று பிரிட்டன் வசமிருந்த பாக்லாந்து தீவுகளில் படையை இறக்கிற்று. போர் வேண்டும் என்று நினைக்கும் அரசுக்கு ஒரு கதவை அடைத்தால் இன்னொரு கதவு. தூதர்கள் என்ன சாதித்தார்கள் என்று கேட்கலாம். அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹெய்க் இலண்டனுக்கும் புவனோஸ் அயர்சுக்கும் பறந்தார். பெரு நாட்டின் அதிபர் பெலௌந்தே ஒரு திட்டம் தந்தார். பாதுகாப்புச் சபை ஏப்ரல் 3 அன்றே தீர்மானம் போட்டது. எதுவும் பலிக்கவில்லை. ஜூன் 14 அன்று போர் முடிந்தபோது 649 அர்ஜென்டினரும் 255 பிரிட்டிஷ் வீரரும் மூன்று தீவுவாசிகளும் மாண்டிருந்தனர். மே 2 அன்று மூழ்கடிக்கப்பட்ட பெல்கிரானோ என்ற ஒரே கப்பலில் மட்டும் 323 பேர்.

அதே அரசு, அதே தென்கடல், ஏறக்குறைய அதே போன்ற தீவுகள். ஒன்றில் தூது பலித்தது, மற்றொன்றில் பலிக்கவில்லை. ஏன்? வாட்டிகனுக்கு இருந்த மரியாதை அமெரிக்காவுக்கு இல்லை என்பது ஒரு பதில். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முதன்மையான காரணம் நேரம் என்றே எனக்குப் படுகிறது. சமோரே வந்தபோது எவனும் கரையிறங்கியிருக்கவில்லை. பின்வாங்க வேண்டியவை கடலில் நின்ற கப்பல்கள். கப்பல் திரும்புவதை யாரும் தோல்வி என்று எழுதமாட்டார்கள். ஹெய்க் வந்தபோதோ கொடி ஏற்றியாகிவிட்டது. தலைநகரின் சதுக்கத்தில் மக்கள் கூடி ஆர்ப்பரித்தாகிவிட்டது. ஏற்றிய கொடியை இறக்கச் சொல்வது ஒரு சர்வாதிகாரியைப் பதவி விலகச் சொல்வதற்கு ஒப்பாகும். மேலும், பிரிட்டிஷ் கப்பற்படை தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டது. அது வந்துசேரும் நாள்தான் ஹெய்க்கின் கெடு. சமோரே தமக்குக் கிடைத்த முதல் இரு வாரங்களில் கெடுவையே ஒழித்துவிட்டார். ஹெய்க் கெடுவுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.

ஆகவே தூது தோற்றது என்று சொல்லும்போது, தூது எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்றும் கேட்க வேண்டும். வீடு பாதி எரிந்த பிறகு குடத்தோடு வருபவனைப் பார்த்து, 'தண்ணீர் தீயை அணைக்காது' என்று முடிவு கட்டுவது அறிவியல் ஆகாது.

பாக்லாந்து தோல்விக்குப் பின் தளபதிகள் ஆட்சி சரிந்தது. 1983 டிசம்பரில் மக்கள் தேர்ந்தெடுத்த அல்போன்சின் அதிபரானார். ரோமில் தூசு படிந்து கிடந்த ஆலோசனைகளை எடுத்து வைத்துப் பேசினார்கள். மக்களின் கருத்தறிய 1984 நவம்பர் 25 அன்று வாக்கெடுப்பு நடத்தினார் அல்போன்சின். நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டோர் உடன்படிக்கை வேண்டும் என்றனர். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் எந்த மக்களின் பெயரால் 'ஓர் அங்குலமும் விடோம்' என்று முழங்கப்பட்டதோ, அதே மக்கள்! நவம்பர் 29 அன்று வாட்டிகனில் அமைதி நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தீவுகள் சிலிக்கு, கிழக்கே அட்லாண்டிக் கடலின் பெரும்பகுதி அர்ஜென்டினாவுக்கு. மக்களில் ஐந்தில் நால்வர் ஏற்ற இந்த உடன்படிக்கை அர்ஜென்டின மேலவையில் 23-க்கு 22 என்று ஒரே வாக்கில் தப்பியது. 1985 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

கர்தினால் சமோரே கைகுலுக்கியது யாருடன் என்ற கேள்வியையும் ஒதுக்க இயலாது. பினோசேயின் சிறைகளை உலகம் அறியும். அர்ஜென்டினத் தளபதிகளின் காலத்தில் காணாமற்போனோர் என்று 1984-இல் விசாரணை ஆணையம் பதிவு செய்தவர்கள் மட்டும் 8,961 பேர். உண்மைத் தொகை அதனினும் பன்மடங்கு என்பது மனித உரிமை அமைப்பினரின் வாதம். இத்தகையோருடன் மேசையில் அமர்வது அவர்களுக்கு மரியாதை தேடித் தருவதாகாதா? ஆகும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமராமற் போயிருந்தால் செத்திருக்கக்கூடியவர்கள் தளபதிகள் அல்லர். மலைச்சரிவில் குழி தோண்டிய பையன்கள். அந்தப் பையன்களை முன்னிறுத்திப் பார்த்தால், அருவருப்பை விழுங்கிக்கொண்டு அமர்ந்ததே சரி என்று நான் நினைக்கிறேன். இக்கருத்தில் என்னோடு மாறுபடும் நண்பர்கள் இருக்கலாம். விடுதி மாடியில் வாதிட்டுக்கொள்வோம்.

இன்னொரு மறுப்பையும் கேட்டிருக்கிறேன். இருவரும் ஒரே மதம், ஒரே ஸ்பானிய மொழி. போப்பாண்டவர் சொன்னால் கேட்டார்கள். மற்ற இடங்களில் இது நடக்குமா? ஒரே மதமும் ஒரே மொழியும் அவர்களைப் போர்க்கோலம் பூணாமல் தடுக்கவில்லை என்பது முதல் விடை. பாண்டவரும் கௌரவரும் ஒரே குலம்தானே! இரண்டாவது விடைக்கு அதே கண்டத்தின் வடமேற்கே போக வேண்டும்.

பெருவும் ஈக்வடாரும் 1941-இல் போரிட்டு, 1942-இல் ரியோ நகரில் எல்லை வகுத்துக்கொண்டன. அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கா ஆகிய நான்கும் அதற்குப் பிணை நின்ற நாடுகள். எல்லையின் ஒரு பகுதி இரண்டு ஆறுகளுக்கு இடையே உள்ள நீர்பிரி மேடு என்று எழுதினார்கள். சில ஆண்டுகள் கழித்து விமானத்திலிருந்து படமெடுத்துப் பார்த்தபோது, அந்த இரண்டு ஆறுகளுக்கும் இடையே செனெபா என்னும் மூன்றாவது ஆறு எண்ணியதைவிட வெகுதூரம் வடக்கே நீண்டு கிடப்பது தெரிந்தது. ஒரு மேடு இல்லை, இரண்டு மேடுகள்! காட்டுக்குள் ஏறத்தாழ 78 கிலோமீட்டர் எல்லை எல்லையில்லாமல் நின்றது. புவியியல் அறியாமல் எழுதிய ஒரு வரிக்காக 1981-இல் ஒரு மோதல். 1995-இல் ஒரு போர்.

இம்முறை பிணை நாடுகள் தூங்கவில்லை. 1995 பிப்ரவரி 17 அன்றே பிரேசிலில் போர்நிறுத்த அறிக்கையில் கையெழுத்து வாங்கின. நான்கு நாட்டு இராணுவப் பார்வையாளர்களைக் காட்டுக்குள் அனுப்பின. படைகளைப் பிரித்து நிறுத்தின. (பிணை நின்ற அர்ஜென்டினாவிலிருந்தே அந்த ஆண்டு ஈக்வடாருக்குக் கள்ளத்தனமாக ஆயுதம் போனது பின்னர் வெளியாகி அந்நாட்டையே உலுக்கிற்று. பஞ்சாயத்தார் எல்லாரும் உத்தமர் என்று நான் எங்கும் சொல்லவில்லை.) மூன்றரை ஆண்டுப் பேச்சுக்குப் பின் கடைசிச் சிக்கல் ஒன்று மிஞ்சியது. டிவின்சா என்ற இடத்தில் ஈக்வடார் வீரர்கள் உயிர் கொடுத்துப் போராடியிருந்தார்கள்; அங்கே புதையுண்டும் கிடந்தார்கள். அதை விட்டுக்கொடுத்த அதிபர் ஈக்வடாரில் தலைகாட்ட முடியாது. அதைக் கொடுத்த அதிபர் பெருவில் தலைகாட்ட முடியாது.

1998 அக்டோபரில் இரு நாட்டு நாடாளுமன்றங்களும் ஒரு துணிச்சலான காரியம் செய்தன. பிணை நாடுகள் சொல்லப்போகும் முடிவு என்னவென்று தெரியுமுன்பே, அதை ஏற்கிறோம் என்று தீர்மானம் நிறைவேற்றின. முடிவு இது: எல்லை பெரு சொல்லும் மேட்டின் வழியே போகும், டிவின்சாவில் ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் நிலம் ஈக்வடாருக்குத் தனியார் சொத்துப்போல் பட்டா கொடுக்கப்படும், ஆனால் அங்கே சட்டமும் ஆட்சியும் பெருவினுடையவை. எல்லையின் இருபுறமும் இயற்கைக் காப்புக் காடுகள். அக்டோபர் 26 அன்று பிரேசிலியா நகரில் கையெழுத்தாயிற்று.

உரிமையை இரண்டாகப் பிரித்த இந்த யோசனையை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆளும் உரிமை வேறு, உடைமை உரிமை வேறு என்று பிரித்தவுடன், ஒரே நிலத்தை இருவருக்கும் கொடுக்க முடிந்துவிட்டது! ஈக்வடார் தன் வீரர்களுக்கு அஞ்சலி செலுத்த இடம் பெற்றது. பெரு தன் வரைபடத்தில் ஒரு புள்ளியும் இழக்கவில்லை. ஐந்து நாடு இல்லையேல் ஐந்து ஊர், அதுவும் இல்லையேல் ஐந்து வீடு என்று கண்ணன் இறங்கி வந்தபோது துரியோதனன் அவையில் இப்படி யோசிக்க ஓர் ஆளில்லாமற் போயிற்று.

இந்தத் தீர்வில் மதத்தலைவர் எவருமில்லை. இருந்தவர்கள் நில அளவையாளர்கள், சட்டம் படித்தவர்கள், ஆற்றுப்படுகையை அறிந்தவர்கள், பேச்சில் பொறுமையிழக்காத அதிகாரிகள். நம் கல்லூரியில் கலைப்பிரிவும் அறிவியல் பிரிவும் ஒன்றையொன்று ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. டிவின்சாவின் பட்டாவில் இரண்டும் கலந்திருக்கின்றன. படமெடுத்த விமானம் இல்லாமல் சிக்கல் என்னவென்று தெரிந்திராது. சட்டம் இல்லாமல் தீர்வு பிறந்திராது.

எனினும் ஒன்று. எழுதிய காகிதத்துக்குக் காவலில்லை என்றால் என்னாகும் என்பதற்கு ருவாண்டா சான்று. 1993 ஆகஸ்டில் அருஷா நகரில் அரசும் கிளர்ச்சிப்படையும் செய்த உடன்பாடு, எழுத்தில் பார்த்தால் நல்ல உடன்பாடு. அதைக் காக்க ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய படை சிறியது. 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கியபோது பாதுகாப்புச் சபை செய்தது என்ன? படையை 270 பேராகக் குறைத்துவிடத் தீர்மானித்தது. நூறு நாட்களுக்குள் இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அங்கே தூது தோற்கவில்லை. தூதை அனுப்பியவர்கள் கைகழுவினார்கள். பாதுகாப்புச் சபையைப் பற்றி மேடைகளில் நண்பர்கள் சொல்லும் ஏச்சில் எனக்கு உடன்பாடு இந்த இடத்தில்தான். சபை பயனற்றது என்பதனால் அன்று; பயன்பட வேண்டிய வேளையில் உறுப்பு நாடுகள் அதைப் பயனற்றதாக்கினார்கள் என்பதனால்.

2022-க்குப் பிறகு நாம் நாள்தோறும் செய்தியில் காண்பவை பெரிய போர்கள். வீட்டோ அதிகாரம் கொண்ட வல்லரசுகளே ஒரு தரப்பாகவோ, ஒரு தரப்பின் பின்னாலோ நிற்பவை. அங்கே சமோரேக்களுக்கு வேலையில்லை என்று தோன்றுகிறது. வேலை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலகில் எல்லைச் சிக்கல் உள்ள நாடுகளில் பெரும்பாலானவை வல்லரசுகள் அல்ல. அர்ஜென்டினாவையும் சிலியையும் போல், பெருவையும் ஈக்வடாரையும் போல், அக்கம்பக்கத்து நடுத்தர நாடுகள். அவற்றுக்கு யார் போவது, எப்போது போவது என்பதை அந்தந்த வட்டாரத்தின் நாடுகளே முன்கூட்டி எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. 1995-இல் நான்கு பிணை நாடுகளும் சில வாரங்களில் களத்தில் இறங்க முடிந்ததற்குக் காரணம், 1942-லேயே அவர்கள் பெயர் ஆவணத்தில் இருந்ததுதான். 1984 உடன்படிக்கையிலும் அப்படியே: இனி ஒரு சச்சரவு வந்தால் முதலில் நேர்ப்பேச்சு, பின்பு சமரசக் குழு, அதன்பின் நடுவர் மன்றம் என்று வழிமுறையையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள்.

ஆண்டீஸ் மலையில் அர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் இடையே உள்ள கணவாய் ஒன்றுக்கு இன்று கர்தினால் அந்தோனியோ சமோரே என்று பெயர். இரு நாட்டு வீரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்த அமைதிப்படை ஒன்றை, 'தென் சிலுவை' என்ற பெயரில் இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் உருவாக்கினார்கள். ஆனால் 1970-களில் பல எல்லைகளிலுமாகச் சிலி புதைத்த கண்ணிவெடிகள் 1,50,000-க்கும் மேல். போர் நடக்கவில்லையே என்று அவை தாமாகச் செயலிழந்துவிடவில்லை. பாலைவனத்திலும் பனிமலையிலும் ஆட்கள் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அகற்றி முடித்துவிட்டோம் என்று சிலி அறிவித்த ஆண்டு 2020. 1978-இல் இருபது வயதில் அவற்றைப் புதைத்த வீரனுக்கு அப்போது 62 வயது ஆகியிருக்கும்.